கினிப்பன்றிக்குச் சிறுநீர்ப்பைத் தொல்லையா? புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கினிப்பன்றி வளர்ப்பவர்களைக் கால்நடை மருத்துவரிடம் ஓட வைக்கும் விஷயங்களில் பல், வயிறு, சிறுநீர்ப்பை மூன்றும் முன்வரிசையில் நிற்பவை. புதியவர்களை அதிகம் குழப்புவது கடைசியில் சொன்னதுதான். இந்தப் பிராணி இயல்பிலேயே வலியை மறைக்கும். காட்டில் மற்ற விலங்குக்கு இரையாகும் உயிர் அது. நோஞ்சானாகத் தெரிந்தால் முதலில் பிடிபடுவதும் அதுதான். அதனால் நம் கண்ணில் படும்போது நோய் கொஞ்சம் முற்றியிருக்கும். ஒரே ஆறுதல், அது சிறுநீரை மட்டும் நம்மிடமிருந்து மறைக்க முடியாது. தினமும் அதைக் கவனிக்கப் பழகிவிட்டால் பாதிப் பிரச்சினையை முன்கூட்டியே பிடித்துவிடலாம்.

ஏன் வருகிறது?

நாய், பூனை, மனிதர் எல்லோருக்கும் குடல் ஏறக்குறைய உடலுக்குத் தேவையான அளவு கால்சியத்தைத்தான் உறிஞ்சும். கினிப்பன்றியின் குடலுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. சாப்பாட்டில் கால்சியம் கூடினால் கூடுதலாகவே இழுத்துக்கொள்ளும். மிச்சத்தைச் சிறுநீரகம் வடிகட்டிச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளும். அதன் சிறுநீர் காரத்தன்மை கொண்டது, பி.எச். அளவு பெரும்பாலும் 8 முதல் 9 வரை. அந்தச் சூழலில் கால்சியம் கார்பனேட் எளிதில் படிகமாகிவிடும். தண்ணீர் குறைவாகக் குடித்து, அதிகம் ஓடியாடாமல், உடம்பும் பருத்த கினிப்பன்றிக்கு இந்தப் படிகங்கள் சிறுநீர்ப்பையிலேயே தங்கும். தங்கியது குழம்பாகும், சில சமயம் கல்லாகும்.

உணவு மட்டும் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே கூண்டில் ஒரே உணவைச் சாப்பிடும் இரண்டில் ஒன்றுக்குக் கல் வரும், இன்னொன்றுக்கு வரவே வராது. பரம்பரைக்கும் இதில் பங்கு இருக்கலாம். கல் வந்துவிட்டதே என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

முதல் வேலை: இயல்பானது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கூண்டின் ஒரு மூலையில் வெள்ளைத் துணி விரித்து வையுங்கள், அல்லது வெளிர் நிற ஃபிளீஸ் துணியைப் பயன்படுத்துங்கள். மரத்தூள் போட்ட கூண்டில் சிறுநீரின் நிறத்தைக் கண்டுபிடிப்பது கடினம்.

ஆரோக்கியமான கினிப்பன்றியின் சிறுநீர் தெளிவாகவும் இருக்கும், லேசாகக் கலங்கியும் இருக்கும். வெளிர் மஞ்சள் நிறம் சகஜம். காய்ந்த பிறகு மெல்லிய வெள்ளைப் பொடி தெரிந்தால் பயப்பட வேண்டாம். உடம்பு கூடுதல் கால்சியத்தை வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். அந்தப் பொடியை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். மாவாக இருந்தால் சரி. நறநறவென்று மணலாக உரசினால், அல்லது சிறுநீரே டூத்பேஸ்ட் போலக் கெட்டியாக வந்தால், அது எச்சரிக்கை.

அடுத்தது சிவப்பு நிறம். சில கினிப்பன்றிகளின் சிறுநீரில் உள்ள நிறமிகள் காற்றுப்பட்டதும் ஆரஞ்சாகவோ துரு நிறமாகவோ மாறும். பீட்ரூட் கொடுத்தாலும் நிறம் மாறும். வெளியே வரும்போதே சிவப்பாக இருந்தால்தான் ரத்தமோ என்று சந்தேகப்பட வேண்டும். வீட்டில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு இருந்தால் அந்தக் கறையில் இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் ரத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். நுரைக்கவில்லை என்பதால் நிம்மதியாக உட்கார்ந்துவிடவும் கூடாது; மருத்துவர் சோதனைப் பட்டையிலும் நுண்ணோக்கியிலும் பார்த்துச் சொல்வதுதான் உறுதி. பெண் கினிப்பன்றிக்கு மாதவிடாய் கிடையாது. அதனால் பின்பக்கத்தில் ரத்தம் தெரிந்தால் பெரும்பாலும் சிறுநீர்ப்பையில் கோளாறு அல்லது கருப்பையில் கோளாறாக இருக்கும். எதுவானாலும் மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

அப்புறம் எடை. ஒரு சமையலறைத் தராசு வாங்கி வாரம் ஒரு முறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதி வையுங்கள். வளர்ந்த கினிப்பன்றி சாதாரணமாக 700 முதல் 1200 கிராம் வரை இருக்கும். முப்பது நாற்பது கிராம் ஏறி இறங்குவது வயிறு நிறைந்திருக்கிறதா, காலியா என்பதைப் பொறுத்தது. 50 கிராம் குறைந்தால் மறுநாளே மறுபடி போட்டுப் பாருங்கள். 100 கிராம் குறைந்துவிட்டால் காத்திருக்கக் கூடாது. என்னைக் கேட்டால் இந்தத் தராசைவிடப் பயனுள்ள சாமான் கினிப்பன்றி வீட்டில் வேறெதுவும் இல்லை.

அறிகுறிகள்

சிறுநீர் கழிக்கும்போது எழுப்பும் சத்தம்தான் பலருக்குக் கிடைக்கும் முதல் துப்பு. உணவு கேட்டுக் கத்தும் நீண்ட விசில் வேறு, இது வேறு. முதுகைக் கூனி, பின்பகுதியைச் சற்றுத் தூக்கி, அசையாமல் சில நொடி நிற்கும். மெலிதான, உடைந்த கீச்சொலி வரும். ஒரு சின்ன ஈரத் திட்டு விழும். அதன்பின் திரும்பி அந்த இடத்தை நக்கும். மலம் கழிக்கும்போதும் அதே சத்தம் வரலாம், ஏனென்றால் வயிற்றை இறுக்கினால் சிறுநீர்ப்பையும் அழுந்தும்.

கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கழிப்பது, பின்பக்கம் எப்போதும் ஈரமாக இருந்து நாற்றமடிப்பது, பற்களை நறநறப்பது, மயிர் சிலிர்த்து மூலையில் குந்தியிருப்பது, பிடித்த காயைக் கூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்வது இவையும் சேர்த்திதான். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் ஒரு நாளுக்குள் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

காத்திருக்கவே கூடாத நிலைகள் சில உண்டு. முக்கி முக்கிப் பார்த்தும் சொட்டுக்கூட வரவில்லை என்றால் சிறுநீர்ப் பாதை அடைபட்டிருக்கலாம். நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைக்குக் கொண்டு போங்கள். ஆண் கினிப்பன்றியின் சிறுநீர்க் குழாய் நீளமானது, குறுகலானது. அதனால் கல் அங்கே மாட்டிக்கொள்ளும் ஆபத்து ஆணுக்கே அதிகம். அரை நாளாக எதுவுமே சாப்பிடவில்லை, உடம்பு சில்லிட்டிருக்கிறது, துவண்டு கிடக்கிறது என்றாலும் அதே அவசரம்தான்.

மருத்துவரிடம் போகும்போது

எல்லாக் கால்நடை மருத்துவர்களுக்கும் கினிப்பன்றி பழக்கம் இருக்காது. போன் செய்யும்போதே, முயல், கினிப்பன்றி போன்ற சிறு பிராணிகளைப் பார்ப்பவர் இருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். நோய் வருவதற்கு முன்பே அப்படி ஒருவரைத் தேடி வைத்திருப்பது இன்னும் நல்லது.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: எடைக் குறிப்பு, சிறுநீர்க் கறையின் போட்டோ, கீச்சிடும் வீடியோ, தினமும் என்ன கொடுக்கிறீர்கள் என்ற பட்டியல். முடிந்தால் சிறுநீர் மாதிரியும். சுத்தமான, காய்ந்த பிளாஸ்டிக் பெட்டியில் துணி எதுவும் போடாமல் கொஞ்ச நேரம் விட்டால் கழித்துவிடும். ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து உடனே கொண்டு போங்கள். கூட வாழும் துணைக் கினிப்பன்றியையும் அதே பெட்டியில் அழைத்துப் போனால் பயம் குறையும்.

அங்கே கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: எக்ஸ்ரே எடுக்கலாமா? கால்சியம் கல் எக்ஸ்ரேயில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ரத்தம், கீச்சொலி என்றதும் தொற்று என்று எடுத்துக்கொண்டு ஆன்டிபயாடிக் கொடுப்பது வழக்கம். கல் உள்ளே இருந்தாலும் மருந்து கொடுத்த சில நாள் நிலைமை தேறியதாகத் தோன்றும், ஏனென்றால் கல்லோடு தொற்றும் சேர்ந்திருக்கும், தொற்று மட்டும் அடங்கியிருக்கும். மருந்தை நிறுத்தியதும் மறுபடி ஆரம்பிக்கும். மறுபடி மருந்து. இதற்குள் கல் வளர்ந்துவிடும். முதல் முறையே எக்ஸ்ரே எடுப்பது நல்லது. எடுக்காமல் இரண்டாவது சுற்று ஆன்டிபயாடிக் மட்டும் தொடங்காதீர்கள்.

வீட்டு மருந்துப் பெட்டியைத் தொடாதீர்கள்

வீட்டில் மிச்சமிருக்கும் மனித மாத்திரையை உடைத்துக் கொடுக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். பென்சிலின், அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டமைசின், எரித்ரோமைசின் ஆகியவற்றை வாய்வழி கொடுத்தால் கினிப்பன்றியின் குடலில் உள்ள நல்ல பாக்டீரியா அழிந்து, நஞ்சு சுரக்கும் கிருமிகள் பெருகும். சில நாட்களில் உயிரே போய்விடும். நாய்க்கும் பூனைக்கும் சாதாரணமாக எழுதும் மருந்தே இதற்கு விஷமாகலாம். கினிப்பன்றிக்கு வழக்கமாகப் பயன்படுத்துபவை ட்ரைமெத்தோப்ரிம்-சல்ஃபா கூட்டு மருந்து, என்ரோஃப்ளாக்சசின் போன்றவை. வலிக்கு மெலாக்சிகாம். அளவை எடை பார்த்து மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். வலி மருந்து எழுதவில்லை என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். வலியோடு இருக்கும் கினிப்பன்றி சாப்பிடாது, சாப்பிடாவிட்டால் குடல் நின்றுவிடும்.

என்ன நோய் என்று தெரிந்த பிறகு

தொற்று என்றால் மருந்துக்கு அடங்கும். பெண்ணுக்குச் சிறுநீர்த் துவாரமும் மலவாயும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் குடல் கிருமி எளிதில் ஏறிவிடும். இரண்டே நாளில் தெளிந்துவிட்டாலும் சொன்ன நாள் வரை மருந்தை முடித்தாக வேண்டும்.

மணல் குழம்பு தங்கியிருந்தால் மயக்கம் கொடுத்துச் சிறுநீர்ப்பையைக் கழுவி விடுவார்கள். சிலவற்றுக்குத் தண்ணீரும் உணவு மாற்றமுமே போதும்.

கல் என்றால் விஷயம் வேறு. பூனைக்கு வரும் ஒரு வகைக் கல்லைச் சிறப்பு உணவால் கரைக்க முடியும். கால்சியம் கார்பனேட் கல் அப்படிக் கரையாது. கிரான்பெர்ரி ஜூஸ், மூலிகைச் சொட்டு என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம், ஜூஸில் உள்ள சர்க்கரை குடலைக் கெடுப்பதுதான் மிச்சம். பெண்ணுக்கு, சின்னக் கல் துவாரத்தின் அருகில் வந்துவிட்டால், மருத்துவர் மயக்கத்தில் வைத்துக் கத்தியில்லாமல் எடுத்துவிட முடியும். மற்றபடி அறுவை சிகிச்சைதான் வழி. இதற்குமுன் இரவு முழுக்கப் பட்டினி போடச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். கினிப்பன்றியால் வாந்தி எடுக்க முடியாது. நீண்ட பட்டினி அதன் குடலுக்குத்தான் ஆபத்து.

எக்ஸ்ரே சுத்தம், கிருமிப் பரிசோதனையிலும் ஒன்றும் வளரவில்லை, ஆனால் கீச்சொலி மட்டும் வந்து வந்து போகிறது என்று சிலவற்றுக்கு இருக்கும். இது கிருமியில்லாத சிறுநீர்ப்பை அழற்சி. ஆன்டிபயாடிக் இதற்கு உதவாது. மெலாக்சிகாம், சில மருத்துவர்கள் பரிந்துரைக்கும் குளுக்கோசமைன், பதற்றமில்லாத சூழல் இவற்றோடு பல மாதம் ஓட்ட வேண்டியிருக்கும். நல்ல நாளும் மோசமான நாளும் மாறி மாறி வரும் என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். கூண்டை அடிக்கடி இடம் மாற்றுவது, புதுத் துணையைச் சேர்ப்பது போன்றவற்றைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம்.

மருந்தும் ஊட்டுதலும்

புதியவர்கள் பயப்படுவது இங்கேதான். நாலு வேளை செய்துவிட்டால் கை பழகிவிடும்.

தரையில் உட்காருங்கள், மேசையில் வைத்தால் குதித்துக் கால் உடைத்துக்கொள்ளும். ஒரு துண்டை முதுகின் மேல் போட்டு இரண்டு பக்கமும் மடித்துச் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரியும்படி மடியில் வையுங்கள். அதன் பின்பக்கம் உங்கள் வயிற்றை ஒட்டியிருக்கட்டும், நான்கு காலும் கீழேதான் இருக்க வேண்டும். மல்லாக்கப் படுக்க வைத்தால் புரையேறும். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. உதட்டோரமாகச் சிரிஞ்சை அதற்குள் நுழையுங்கள். அரை மில்லி விடுங்கள். தாடை அசைகிறதா என்று பாருங்கள். விழுங்கியதும் அடுத்த அரை மில்லி. நேராகத் தொண்டையை நோக்கிப் பீய்ச்சக் கூடாது. சல்ஃபா சிரப் இனிப்பாக இருப்பதால் சில கினிப்பன்றிகள் சிரிஞ்சைப் பிடித்து இழுக்கவே ஆரம்பிக்கும்.

தானாகச் சாப்பிடவில்லை என்றால் ஊட்ட வேண்டும். தாவர உண்ணிகளுக்கான மீட்பு உணவுப் பொடி மருத்துவரிடம் கிடைக்கும். உடனே கிடைக்காவிட்டால் வழக்கமான பெல்லட் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்து, கட்டியில்லாமல் மசித்து, ஆறிய பிறகு கொடுக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 50 முதல் 80 மில்லி வரை, ஐந்தாறு வேளையாகப் பிரித்து. 1 மில்லி சிரிஞ்சுதான் வாய்க்குள் சுலபமாக நுழையும். குழம்பு அடைத்துக்கொண்டால் அதன் முனையைக் கொஞ்சம் வெட்டிவிட்டு, கூர் இல்லாமல் தேய்த்துக்கொள்ளுங்கள். ஊட்டி முடித்ததும் தாடையைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காய்ந்து மயிரோடு ஒட்டிக்கொள்ளும். இந்த நாட்களில் எடை போடுவது தினமும்.

பின்பக்கம் ஈரமாகவே இருந்தால் தோல் வெந்துபோகும். வெதுவெதுப்பான தண்ணீரில் அந்தப் பகுதியை மட்டும் கழுவி, நன்றாகத் துவட்டி, நீள மயிராக இருந்தால் வெட்டிவிடுங்கள். முழுக் குளியல் வேண்டாம்.

தண்ணீரை உள்ளே அனுப்புவது எப்படி?

தடுப்பதற்கு எத்தனையோ யோசனை சொல்வார்கள். நான் முதலிடம் கொடுப்பது தண்ணீருக்கு. நீர்த்த சிறுநீரில் படிகம் சேர்வது குறையும், அடிக்கடி கழிப்பதால் தங்குவதும் குறையும்.

ஒரு கிலோ எடையுள்ள கினிப்பன்றி நாளுக்குச் சுமார் 100 மில்லி தண்ணீர் குடிக்கும். காய், இலை அதிகம் தின்பது குறைவாகக் குடிக்கும். பாட்டிலின் நுனியிலுள்ள குண்டு தினமும் சுழல்கிறதா என்று விரலால் தட்டிப் பாருங்கள். பாட்டில் நிறைந்திருக்கும், குண்டு மாட்டிக்கொண்டு ஒரு சொட்டும் வராது, நாம் கவனிக்க மாட்டோம். பாட்டிலோடு கனமான பீங்கான் கிண்ணத்திலும் தண்ணீர் வையுங்கள், குனிந்து குடிப்பது பலவற்றுக்குப் பிடிக்கும். இலை தழையைக் கழுவிய ஈரத்தோடேயே கொடுங்கள். வெள்ளரித் துண்டு இன்னொரு வழி.

தண்ணீரில் வைட்டமின் சி சொட்டு கலக்காதீர்கள். சத்தும் சீக்கிரம் சிதைந்துவிடும், சுவை மாறியதால் குடிப்பதும் குறையும்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

திமோத்தி போன்ற உலர்புல் எப்போதும், எவ்வளவு வேண்டுமானாலும். உணவில் பெரும்பகுதி இதுவாகவே இருக்கட்டும். குதிரை மசால் எனப்படும் அல்ஃபால்ஃபாவில் கால்சியம் மிக அதிகம். ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிக்கும் சினையாக இருப்பதற்கும் அது சரி, வளர்ந்ததற்குக் கூடாது. பெல்லட் வாங்கும்போது முதல் பொருள் என்ன என்று படியுங்கள். அல்ஃபால்ஃபா என்றிருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். திமோத்தி பெல்லட் நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி அளவு போதும்.

பச்சைத் தழையில் பாலக், பார்ஸ்லி, கேல் மூன்றையும் எப்போதாவது ஓர் இலையோடு நிறுத்துங்கள். லெட்யூஸ், கொத்துமல்லி, வெள்ளரி, குடைமிளகாய் ஆகியவற்றைத் தினசரி மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். கினிப்பன்றியின் உடம்பு வைட்டமின் சி-யைத் தானே தயாரிக்காது, கிலோவுக்குத் தினம் 10 முதல் 30 மில்லிகிராம் வரை வெளியிலிருந்து வேண்டும். சிவப்புக் குடைமிளகாயில் 20, 25 கிராம் துண்டு அதைக் கொடுத்துவிடும். நோயாக இருக்கும்போது மாத்திரை வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். தாது உப்புக் கட்டி, கால்சியம் கலந்த கொறிப்புக் கட்டி என்று கடையில் விற்பவற்றைக் கூண்டிலிருந்து எடுத்துவிடுங்கள், அவற்றுக்கு எந்த அவசியமும் இல்லை.

பயத்தில் கால்சியத்தையே நிறுத்துபவர்களும் உண்டு. அது இன்னொரு ஆபத்து. பல்லுக்கும் எலும்புக்கும் அது வேண்டும். உலர்புல்லில் இருக்கும் அளவே நோயற்ற வளர்ந்த கினிப்பன்றிக்கு ஏறக்குறையப் போதும். உணவை மாற்றுவதென்றால் ஒரே நாளில் மாற்றாமல் ஒன்றிரண்டு வாரத்தில் மெல்ல மாற்றுங்கள். ஜோடியாக வளர்த்தால் இரண்டுக்கும் ஒரே தட்டுதான். இந்த உணவு நோயில்லாததற்கும் நல்லதே.

தினமும் கூண்டுக்கு வெளியே ஓடவிடுங்கள். அசைந்துகொண்டே இருந்தால் சிறுநீர்ப்பையில் உள்ளது கலங்கி வெளியேறும், உடம்பும் பெருக்காது.

திரும்ப வந்தால்

கல் எடுத்த பிறகும் திரும்ப வருவது உண்டு, சில சமயம் சில மாதத்திலேயே. எடுத்த கல்லைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். எதனால் ஆனது என்று தெரிந்தால் உணவைத் திருத்த வசதி. மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் கல் சிறிதாக இருக்கும்போதே தெரியும்.

கினிப்பன்றியின் ஆயுள் சராசரியாக 5 முதல் 8 ஆண்டு. வயதான, மெலிந்த ஒன்றுக்கு இரண்டாவது, மூன்றாவது அறுவை சிகிச்சை தேவைப்படும்போது, மயக்கத்தைத் தாங்குமா, வலி மருந்தோடு நிம்மதியாக வைத்துக்கொள்ள முடியுமா, அல்லது வலியில்லாமல் விடைகொடுப்பதுதான் நல்லதா என்று மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். அந்தப் பேச்சுக்குப் போகும்போதும் எடை நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். கடைசி இரண்டு மாதம் எடை எப்படிப் போயிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அவரால் சரியாகச் சொல்ல முடியும்.